மென்னோனைட் பெண்ணின் விசுவாசமும் அன்றாடமும்: புதியவர்களுக்கு ஓர் அறிமுகம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லான்காஸ்டர் வட்டாரத்து ஆராதனைக் கூடம் ஒன்றில், பதினேழு பதினெட்டு வயதுப் பெண்கள் சிலர் வரிசையாக முழங்காலிட்டிருக்கிறார்கள். பிஷப் தம் இரு கைகளையும் ஒருத்தியின் தலைக்கு மேலே குவித்துப் பிடிக்கிறார். உதவிக்காரர் அந்தக் கைகளுக்குள் தண்ணீர் ஊற்றுகிறார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமம் சொல்லப்படும்போது விரல்களின் இடுக்கு வழியே தண்ணீர் அவள் தலையில் இறங்கிக் கழுத்தில் ஓடுகிறது. எழுந்து நிற்கும் அவளைப் பிஷப்பின் மனைவி முத்தமிட்டுச் சபைக்குள் வரவேற்கிறார். அந்த நிமிடம் வரை அவள் மென்னோனைட் வீட்டில் பிறந்து வளர்ந்த பெண் மட்டுமே, மென்னோனைட் அல்லள்.

இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால், அந்தச் சமூகத்துப் பெண்களின் வெள்ளைத் தொப்பியும் நீண்ட உடையும் குதிரை வண்டியும் வேடிக்கைப் பொருள்களாக இல்லாமல், ஒரே தீர்மானத்திலிருந்து கிளைத்த பல தீர்மானங்களாகத் தெரியத் தொடங்கும். பிறப்பினால் யாரும் கிறிஸ்தவர் ஆவதில்லை. விவரம் தெரிந்த வயதில் ஒருவர் தாமே அதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். தேர்ந்துகொண்டதைத் தனியாக அல்லாமல், ஒருவரையொருவர் தாங்கவும் திருத்தவும் உரிமையுள்ள ஒரு சபையோடு சேர்ந்து, நாள்தோறும் வாழ்ந்து காட்ட வேண்டும். மென்னோனைட் விசுவாசத்தின் அடித்தளம் இவ்வளவுதான். சொல்வதற்கு எளிதாக இருக்கும் இது, ஒரு பெண்ணின் அடுக்களை வரைக்கும் தையல் ஊசி வரைக்கும் எப்படி இறங்கி வருகிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1525 ஜனவரி 21 அன்று, சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவருடைய தாயாரின் வீட்டில் கூடிய சிறு குழுவில், கொன்ராட் கிரேபெல் என்னும் இளைஞர் ஜார்ஜ் பிளாவ்ராக் என்னும் முன்னாள் குருவானவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அங்கிருந்தவர்கள் எல்லாரும் குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். அது தங்களைக் கேட்காமல் நடந்தது, ஆகவே செல்லாது என்பது அவர்கள் வாதம். அக்காலத்தில் திருச்சபையில் சேர்வதும் ஊரின் குடியாவதும் ஒன்றாகவே இருந்தமையால், இந்த வாதம் அரசின் அடித்தளத்தையே அசைத்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் மான்ஸ் சூரிக்கின் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். எதிரிகள் இவர்களுக்கு இட்ட பெயர் அனபாப்டிஸ்டுகள், அதாவது மறுபடியும் ஞானஸ்நானம் பெறுகிறவர்கள். 1536இல் நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தைச் சேர்ந்த மென்னோ சைமன்ஸ் என்னும் கத்தோலிக்கக் குருவானவர் தம் பதவியை விட்டு இவர்களோடு சேர்ந்து, சிதறிக்கிடந்த சபைகளைக் கட்டி எழுப்பினார். மென்னோனைட் என்ற பெயர் அவரால் வந்தது. வாள் எடுப்பதில்லை, போருக்குப் போவதில்லை, நீதிமன்றத்திலும் சத்தியம் செய்வதில்லை என்ற நிலைப்பாடுகளும் அக்காலத்தில் வேரூன்றியவை.

ஆனால் ஒன்றைச் சுருக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1660இல் டச்சு மொழியில் தீலெமன் வான் பிராக்ட் தொகுத்த இரத்தசாட்சிகளின் வரலாற்று நூல் ஒன்று இன்றும் பல மென்னோனைட் வீடுகளில் வேதாகமத்துக்கு அருகிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. திருமணப் பரிசாகவும் கொடுக்கப்படுகிறது. அதில் வரும் அனபாப்டிஸ்டு இரத்தசாட்சிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். அவர்களுள் ஒருவர் மாய்கென் வென்ஸ். ஆண்ட்வெர்ப் நகரத்துக் கொத்தனாரின் மனைவி. 1573இல் அவரைத் தீயிலிட்டுக் கொல்ல அழைத்துச் சென்றபோது, கூட்டத்தாரிடம் பேசிவிடக் கூடாது என்பதற்காக அவர் நாக்கைத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். பதினைந்து வயது மூத்த மகன் ஏட்ரியன், மூன்று வயதுத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பலகையின்மேல் ஏறி நின்று பார்த்தான். தாய் கம்பத்தில் கட்டப்பட்டதும் மயங்கி விழுந்தான். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபின், சாம்பலைக் கிளறி அந்தத் திருகாணியைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டான். மென்னோனைட் பிள்ளைகள் கேட்டு வளரும் கதை இது. இதைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு ஞானஸ்நானம் என்பது ஒரு குடும்ப விழாவாக மட்டும் இருக்க முடியாது.

துன்பத்துக்குத் தப்பி இவர்கள் பல திசைகளுக்கும் சென்றார்கள். 1683 முதல் பென்சில்வேனியாவிலும், 1789 முதல் இன்றைய உக்ரைனின் தென்பகுதியிலும், 1874 முதல் கனடாவின் மானிட்டோபாவிலும், 1920களில் மெக்சிகோவிலும் பராகுவேயிலும் குடியேறினார்கள். பிற்காலத்து மிஷன் பணியால் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் சபைகள் பெருகின. இன்று உலகெங்கும் இருபது லட்சத்துக்கும் அதிகமான ஞானஸ்நானம் பெற்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களைச் சேர்ந்தவர்கள். நம் நாட்டில் சத்தீஸ்கரின் தம்தரியில் பஞ்ச நிவாரணத்தை ஒட்டி 1899இல் வந்த மிஷனால் ஒரு சபை உருவாயிற்று. தெலங்கானாவில் மென்னோனைட் பிரதரன் சபை தெலுங்குக் கிராமங்களில் வேர் பிடித்திருக்கிறது. 1997 ஜனவரியில் மென்னோனைட் உலக மாநாடு கல்கத்தாவிலேயே கூடியது. ஆகவே தெலுங்கில் ஜெபிக்கும் சேலை கட்டிய பெண்ணும் மென்னோனைட். டொரொண்டோவில் ஜீன்ஸ் அணிந்து வேலைக்குப் போகும் மருத்துவரும் மென்னோனைட். குதிரை வண்டியில் போகிறவர்கள் இக்குடும்பத்தின் ஒரு சிறு கிளை. ஆனாலும் அடித்தளக் கருத்து கண்ணுக்கு எளிதில் புலப்படுவது அந்தக் கிளையில்தான் என்பதால், லான்காஸ்டரின் பழைய ஒழுங்கு மென்னோனைட்டுகளில் வெங்கர் பிரிவினரையே எடுத்துக்கொள்கிறேன். இவர்களை அண்டையில் வாழும் ஆமிஷ் மக்களோடு பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஆமிஷ் மக்கள் 1693இல் யாகோப் அம்மான் என்பவர் தலைமையில் பிரிந்து போனவர்கள். லான்காஸ்டரில் அவர்களுடைய வண்டியின் கூடு சாம்பல் நிறம், வெங்கர் மென்னோனைட்டுகளின் வண்டி கறுப்பு. ஆமிஷ் மக்கள் வீடுகளில் கூடி ஆராதிக்கிறார்கள். மென்னோனைட்டுகளுக்குத் தனிக் கூடம் உண்டு.

வெங்கர் பிரிவு 1927இல் மோட்டார் வாகனம் வாங்கலாமா கூடாதா என்ற கேள்வியில் உருவானது. வாங்கலாம் என்றவர்கள் ஒரு பக்கம், கூடாது என்ற ஜோசப் வெங்கரும் அவரோடு நின்றவர்களும் மறுபக்கம். இவர்களுடைய வீடுகளில் மின்சாரம் உண்டு, தொலைபேசி உண்டு. தொலைக்காட்சியும் கணினியும் இல்லை. வயலில் டிராக்டர் ஓட்டுவார்கள்; அதன் சக்கரம் ரப்பராக இல்லாமல் இரும்பாக இருக்க வேண்டும். இதில் முரண்பாடு இருப்பதாக வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வி, இந்தப் பொருள் நல்லதா கெட்டதா என்பதன்று. இது வந்தால் நாம் ஒருவரைவிட்டு ஒருவர் விலகிப் போவோமா என்பதே. ரப்பர் சக்கர டிராக்டர் நாளடைவில் ஊருக்குப் போகும் வண்டியாகிவிடும். குதிரை வண்டி போய்வரும் தூரத்துக்குள் வாழ்ந்தால்தான் அண்டை அயலார் அண்டை அயலாராக இருப்பார்கள். இப்படிச் சபை கூடி முடிவெடுத்த விதிகளின் தொகுப்பை ஓர்ட்னுங் என்கிறார்கள். ஜெர்மன் மொழியில் ஒழுங்கு என்று பொருள். அதற்கு அடியில் இருக்கும் மனநிலைக்குப் பெயர் கெலாசன்ஹைட். தன் விருப்பத்தைத் தேவனுக்கும் சபைக்கும் ஒப்புக்கொடுத்தல் என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

ஒரு பெண்ணின் வாரம் பெரும்பாலும் திங்கட்கிழமைத் துணி துவைப்போடு தொடங்குகிறது. எட்டுப் பிள்ளைகள் உள்ள வீடு அங்கே அரிதல்ல. கொடியில் காயும் துணிகளின் அளவையும் வரிசையையும் பார்த்தே அந்த வீட்டின் வயதுக் கணக்கைச் சொல்லிவிடலாம். பால் கறவை, காய்கறித் தோட்டம், ரொட்டி சுடுதல், பிள்ளைகளுக்கு உடை தைத்தல் எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கின்றன. வீட்டில் பேசுவது பென்சில்வேனியா ஜெர்மன், பள்ளியில் ஆங்கிலம். பள்ளி ஒரே அறை. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிகிறது. ஆசிரியை பெரும்பாலும் திருமணமாகாத இளம் பெண். கோடையில் வேலை மும்முரமாகிறது. பீச் பழம், தக்காளி, பீன்ஸ், சோளம் எல்லாவற்றையும் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, கொதிநீரில் வேகவைத்து, குளிர்காலத்துக்காக நிலவறையில் அடுக்குகிறார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய ஜாடிகள் ஆறும்போது, தகர மூடி ஒவ்வொன்றாக உள்வாங்கி 'டிக்' என்று சத்தமிடும். சத்தம் வந்தால் மூடி பிடித்துக்கொண்டது என்று பொருள். வேறு வேலை செய்துகொண்டே அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள். இந்த வேலைகளைத் தனியொருத்தி செய்வது குறைவு. தாயும் மகள்களும், சில நாள்களில் அக்கா தங்கைமாரும் அண்டை வீட்டாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து தோல் உரிக்கிறார்கள்.

முக்காட்டைப் பற்றித் தமிழ்க் கிறிஸ்தவ வாசகர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. நம் சபைகள் பலவற்றில் ஜெபம் தொடங்கியதும் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வதற்கு எந்த வசனம் காரணமோ, அதே 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரம்தான் இங்கும் காரணம். நம்மிடையே அது ஜெப வேளைக்கு உரியது. பழைய ஒழுங்குப் பெண்ணோ எந்த நேரமும் ஜெபிக்கலாம் என்பதால் எந்த நேரமும் அணிகிறார். வெட்டாத கூந்தலைக் கொண்டையாக முடிந்து, அதன்மேல் மெல்லிய வெள்ளை வலைத்துணியில் தைத்த தொப்பியைப் பொருத்துகிறார். வெளியே போகும்போது அதற்கு மேல் கறுப்புத் துணித் தொப்பி ஒன்று. உடை, மார்பின்மேல் இன்னொரு மடிப்புத் துணி வரும் நீண்ட கவுன். ஆமிஷ் பெண்கள் ஒரே நிறத் துணியே உடுத்த, வெங்கர் பெண்கள் சிறு பூப்போட்ட துணி உடுத்தலாம். நகை கிடையாது, திருமண மோதிரமும் கிடையாது. தாலியைப் பெரிதாக எண்ணும் நமக்கு இது விநோதமாகப் படலாம். ஆனால் தன்னை உயர்த்திக் காட்டும் எதையும் அணிவதில்லை என்பதே அவர்களுடைய அலங்காரம் பற்றிய முழுக் கொள்கை.

ஞாயிற்றுக்கிழமை கூடும் கட்டடத்தை அவர்கள் கோவில் என்றோ ஆலயம் என்றோ சொல்வதில்லை. கூடும் வீடு என்பதே பெயர். சபை என்பது ஆட்கள், கட்டடமன்று. சிலுவை, வண்ணக் கண்ணாடி, ஆர்கன் எதுவும் இல்லாத வெறும் பலகைப் பெஞ்சுகள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். இசைக்கருவி இல்லாமல் ஜெர்மன் பாடல்களைப் பாடுகிறார்கள். பிரசங்கம் குறிப்பில்லாமல் பேசப்படுகிறது. கைக்குழந்தைகளோடு தாய்மார் முழு ஆராதனையிலும் அமர்ந்திருக்கிறார்கள். மதியம் உறவினர் வீட்டுக்கோ நண்பர் வீட்டுக்கோ போவது வழக்கம். முன்கூட்டிச் சொல்லாமல் இரண்டு வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்கினாலும், இலை போட்டு விருந்து வைக்கும் நம் கிராமத்து வீட்டுக்காரியைப் போலவே, அந்த வீட்டுப் பெண் நிலவறைக்குப் போய் ஜாடிகளைத் திறக்கத் தொடங்கிவிடுவார்.

ஆண்டுக்கு இருமுறை திருவிருந்து. அதற்கு முன் ஆலோசனைக் கூட்டம் ஒன்று நடக்கும். அதில் ஒவ்வொரு உறுப்பினரும், ஆண் பெண் வேறுபாடின்றி, தேவனோடும் மனிதரோடும் தமக்குச் சமாதானம் உண்டு என்று அறிவிக்க வேண்டும். அண்டை வீட்டுக்காரியோடு மனத்தாங்கல் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே முன்னதாகவே போய்ப் பேசித் தீர்க்க வேண்டும். சபையில் பலருக்கும் மனம் ஒப்பவில்லை என்றால் திருவிருந்தே தள்ளிப்போகும். திருவிருந்தின் அப்பமும் ரசமும் முடிந்தபின் யோவான் 13ஆம் அதிகாரத்தின்படி கால் கழுவுதல் நடைபெறும். கத்தோலிக்க ஆலயங்களில் பெரிய வியாழனன்று குருவானவர் பன்னிருவரின் பாதங்களைக் கழுவுவதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே கழுவுகிறவர் ஒருவர், கழுவப்படுகிறவர் வேறொருவர் என்று இல்லை. எல்லாரும் எல்லாருக்கும் செய்கிறார்கள். பெண்கள் பக்கத்தில் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டிகளும் துண்டுகளும் வைக்கப்படுகின்றன. காலுறையைக் கழற்றிவிட்டு வருகிறவர்கள், பொதுவாக அடுத்து இருப்பவரோடு இணைகிறார்கள், தோழியைத் தேடிப்போவதில்லை. ஒருத்தி குனிந்து மற்றவரின் பாதத்தைத் தண்ணீரில் தாங்கிப் பிடித்து, கையால் தண்ணீரை வாரி விட்டு, துண்டால் ஒற்றி எடுக்கிறார். பிறகு இடம் மாறுகிறார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணின் கையில் எழுபது வயது மூதாட்டியின் வீங்கிய கணுக்கால் இருக்கலாம். இருவரும் எழுந்து, கை குலுக்கி, முத்தமிட்டு, கர்த்தர் ஆசீர்வதிப்பாராக என்று சொல்லிப் பிரிகிறார்கள். மென்னோனைட் விசுவாசத்தைப் பற்றி ஒரே ஒரு காட்சியைத்தான் சொல்லலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், நான் இதைத்தான் சொல்வேன்.

ஊழியக்காரரைத் தேர்ந்துகொள்ளும் முறையிலும் பெண்களுக்குப் பங்கு உண்டு. சபையில் ஊழியர் ஒருவர் தேவைப்படும்போது, ஆண் உறுப்பினரும் பெண் உறுப்பினரும் தகுதியானவர் என்று தாம் எண்ணும் ஆணின் பெயரைச் சொல்கிறார்கள். பெயர் வந்தவர்கள் முன்வரிசையில் அமர, அத்தனை எண்ணிக்கையில் ஒரே மாதிரியான பாட்டுப் புத்தகங்கள் மேசையில் வைக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றில் மட்டும் ஒரு துண்டுச் சீட்டு. சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும் என்ற நீதிமொழியே ஆதாரம். ஒவ்வொருவரும் ஒரு புத்தகம் எடுக்க, பிஷப் வரிசையாகத் திறந்து பார்க்கிறார். சீட்டு யாருடைய புத்தகத்தில் இருக்கிறதோ அவர் அப்போதே ஊழியராக ஏற்படுத்தப்படுகிறார். சம்பளம் இல்லை, இறையியல் படிப்பு இல்லை, ஓய்வு பெறும் வயதும் இல்லை. எதிர்ப்பக்கப் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் புத்தகங்கள் திறக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனைவிக்கும் அந்த நொடியில் வாழ்க்கை மாறிவிடுகிறது. இனி கணவர் மரண வீடுகளுக்கும் சமாதானப் பேச்சுகளுக்கும் போய்விடும் நாள்களில் பண்ணை வேலை மனைவியின் தோளில் விழும். அவருடைய உடையும் பேச்சும் வீடும் மற்றவர்களுக்கு மாதிரியாக இருக்க வேண்டும். சீட்டு விழுந்த குடும்பத்தில் சந்தோஷக் கூச்சலைவிட அழுகையே கேட்பது அதனால்தான்.

இதிலுள்ள பாரத்தை மறைக்கக் கூடாது. பழைய ஒழுங்குச் சபைகளில் பெண் பிரசங்கிப்பதில்லை. பெயரைச் சொல்லலாம், பெயர் சொல்லப்படுவதில்லை. ஞானஸ்நானத்தின்போது கொடுத்த வாக்கை மீறிய உறுப்பினர் சபைக்குப் புறம்பாக்கப்படலாம். உறவினர் எல்லாரும் அதே சபையில் இருக்கும்போது அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வெளியுலகத் தொடர்பை மிகவும் அடைத்துக்கொண்ட குடியிருப்புகளில் பெண்கள் தங்களுக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்ல வழியே இல்லாமல் போனதும் உண்டு. பொலிவியாவில் மானிட்டோபா என்னும் மென்னோனைட் குடியிருப்பில், மயக்க மருந்து தெளித்து நூற்றுக்கும் அதிகமான பெண்களையும் சிறுமிகளையும் சொந்தச் சமூகத்து ஆண்கள் பலாத்காரம் செய்தது 2009இல் வெளிவந்து, 2011இல் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. ஒப்புக்கொடுத்தல் என்ற அழகிய சொல், ஒரு தரப்பாரிடமிருந்து மட்டும் கேட்கப்படும்போது என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

வேறு கிளைகள் இந்தக் கேள்வியை வேறுவிதமாகத் தீர்த்தன. 1911 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவில் ஆன் ஜெமைமா அலேபாக் ஊழியராக அபிஷேகம் பெற்றார். வட அமெரிக்க மென்னோனைட் பெண்களில் அவரே முதல்வர். அதே ஆண்டு நவம்பரில் நெதர்லாந்தில் ஆன்னெ செர்னிகெ ஒரு மென்னோனைட் சபையின் போதகரானார். அந்நாட்டின் எல்லாச் சபைகளிலும் சேர்த்து முதல் பெண் போதகர் அவர்தான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பல சபைகளில் பெண் போதகர்கள் வழக்கமாகிவிட்டார்கள்.

இரு தரப்புப் பெண்களுக்கும் பொதுவான கூடுகை ஒன்று உண்டென்றால் அது தையல் வட்டம். பெரிய மரச்சட்டத்தில் போர்வை ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மேலே, துண்டுத் துணிகளை இணைத்து உருவாக்கிய கோலம், நடுவில் பஞ்சு, கீழே உள்துணி. சட்டத்தின் நான்கு பக்கமும் பெண்கள் நெருங்கி உட்கார்ந்து, மூன்று அடுக்கையும் சேர்த்துப் பொடித் தையல் போடுகிறார்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கும்: யாருக்குப் பிரசவம், யாருடைய தோட்டத்தில் பூச்சி, எந்த வீட்டில் நோயாளிக்கு அடுத்த வாரம் யார் சமைத்துக் கொடுப்பது. மறுபக்கம் ஊசி நிற்காது. ஆண்கள் கூடிக் கட்டும் கொட்டகைகளைப் படம் எடுக்கிறவர்கள், பெண்கள் கூடித் தைக்கும் இந்த இடத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஒருவருக்கொருவர் உதவி என்ற அந்தச் சமூகத்தின் பெரிய இயந்திரம் ஓடுவது இங்கேதான் என்பது என் எண்ணம். 1946இல் ஈட்னா ரூத் பைலர் என்னும் பென்சில்வேனியப் பெண், போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்கள் எம்பிராய்டரி போட்ட துணிகளைக் கொண்டுவந்து இத்தகைய தையல் வட்டங்களிலும் தோழியரிடமும் விற்கத் தொடங்கினார். செய்தவருக்கு உரிய விலை கிடைக்கச் செய்யும் நியாய வணிகத்தின் ஆரம்பங்களில் ஒன்றாகிய டென் தவுசண்ட் வில்லேஜஸ் என்னும் கடை நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. 1972இல் கனடாவின் ஆல்டோனா ஊரில் நான்கு பெண்கள் பழைய பொருள் கடை ஒன்றைத் திறந்து, வருமானத்தை மென்னோனைட் மத்திய குழுவின் நிவாரணப் பணிக்குக் கொடுத்தார்கள். அதைப் பின்பற்றி வட அமெரிக்காவெங்கும் கடைகள் தோன்றின.

அந்த மத்திய குழு 1920இல் பிறந்ததற்குக் காரணம், அன்றைய உக்ரைனில் போரிலும் பஞ்சத்திலும் சிக்கிய மென்னோனைட் குடும்பங்களும் அவர்களுடைய அயலாரும் பசியால் செத்துக்கொண்டிருந்ததே. அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்று பெண்கள் கூடி முடிச்சுப் போட்டுத் தயாரிக்கும் கனத்த போர்வைகள் அந்தக் குழுவின் வழியாகப் போரில் வீடிழந்தவர்களுக்குப் போகின்றன. அவற்றுக்கு வேலைப்பாடு முக்கியமன்று; துணி வலுவாகவும் கதகதப்பாகவும் இருந்தால் போதும். மூன்று அடுக்கின் வழியே நூலை இழுத்து, சிறிது இடைவெளி விட்டு விட்டு முடிச்சிடுவார்கள். ஊசி பிடிக்கத் தெரியாத பிள்ளைகளும் முடிச்சுப் போட உட்காரலாம். சிரியாவுக்கும் ஜோர்டானுக்கும் அவை போயிருக்கின்றன. உக்ரைனுக்கும் போகின்றன.